ஒன்பது புளியங்கொட்டைகள்

— வியாழக்கிழமை எனக்குத் தோதில்லன்னு சொல்லிட்டேன்ல செல்வி. மறுக்கா மறுக்கா அதையே கேட்டா நான் என்னத்தச் சொல்ல? மொதல்ல செருப்பக் கழட்டிட்டு வரப்புலருந்து எறங்கு. எங்களோட இதே பூக்காட்டுல மொட்டுப் பறிச்சவ நீ. இப்ப விருந்தாளி கணக்கா ஓரத்துல நின்னா எனக்கு என்னமோ போல இருக்கு.

— அரை நாள்தான் கௌசல்யாக்கா. காலைல நானே வண்டி புடிச்சு வந்து கூட்டிட்டுப் போறேன், மத்தியானத்துக்குள்ள கொண்டாந்து விட்டுடறேன். அஞ்சு வருசம் படிச்ச படிப்புக்கு அன்னிக்குத்தான் கடைசிப் பரீட்சை. வைவான்னு சொல்லுவாங்க. பெரிய பெரிய ப்ரொஃபசரெல்லாம் உக்காந்து கேள்வி கேப்பாங்க. ஆராய்ச்சி பண்ணுன ஊர்லருந்தே ஒருத்தங்க வந்து பேசுறது எங்க யுனிவர்சிட்டில இதுவரைக்கும் நடந்ததே இல்ல.

— வந்து நின்னு என்ன பேசணும்?

— நம்ம எப்படி வேலை செஞ்சோம்னு. அவ்வளவுதான். கோலப்பொடில தெருவ வரைஞ்சது, வீட்டுக்கு வீடு போயி புள்ளைங்களக் கணக்கெடுத்தது. நடந்தது நடந்தபடி சொன்னாப் போதும்.

— புளியங்கொட்டை வச்சதையுமா?

— அதத்தான் முக்கியமாச் சொல்லணும். நெசமா பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ளைக்கு ஒரு புளியங்கொட்டை. வருகை நோட்டுல பேரு மட்டும் இருந்து போகாத புள்ளைக்கு ஒரு கூழாங்கல்லு. அது உங்க யோசனைதான? நான் கலர் பேப்பர் வெட்டிக் கொண்டாந்திருந்தேன். நீங்கதான் காத்துல பறந்துரும்னு சொல்லிட்டு, வீட்டுக்குள்ள போயி ஒரு படி கொட்டைய அள்ளிட்டு வந்தீங்க. தீசிஸ்ல அத உங்க பேரு போட்டே எழுதிருக்கேன்.

— எம்பேரு போட்டா?

— ஆமா. 'கௌசல்யா, இணை ஆய்வாளர்.' பையில ஒரு காப்பி இருக்கு. படிச்சுக் காட்டவா?

— வேணாம் தாயி. கையி ஓடாது. காமராஜ் எட்டரைக்கெல்லாம் வண்டியக் கொண்டாந்துருவான். வெயில் ஏறி மொட்டு விரிஞ்சுருச்சுன்னா மார்க்கெட்டுல எவனும் சீந்த மாட்டான். நீயும் சும்மாதான நிக்கிற, இந்தச் செடியப் புடி. நகத்தால கிள்ளாத. காம்பப் புடிச்சு லேசா ஒடி. மறந்து போச்சா?

— மறக்கலக்கா. பழக்கம் விட்டுப்போச்சு. பவித்ரா எங்க, ஸ்கூலுக்குக் கெளம்பிட்டாளா?

— அந்தா, மூணாவது வரிசையில குனிஞ்சு நிக்கிறது யாருன்னு நெனச்ச?

— அது பவித்ராவா? இன்னைக்கு செவ்வாக்கிழமைல்ல? பவித்ரா! ஏய் பவித்ரா, செல்வியக்கா வந்திருக்கேன் பாரு!

— கூப்புடாத. திரும்பிப் பாக்க மாட்டா. ஒன் மேல மட்டும் கோவம்னு நெனைக்காத, அவ யாருட்டயும் பேசுறதில்ல.

— லீவு போட்டுட்டாளா? ஒடம்பு சரியில்லையா?

— ஒரு வருசமா லீவுதான். நம்ம பள்ளிக்கூடத்தப் பூட்டுனப்ப, சித்தையங்கோட்டையில சேத்துக்கங்கன்னு ஆளுக்கொரு சீட்டு எழுதிக் குடுத்தாகள்ல? ரெண்டு நா நான் கூட்டிட்டுப் போனேன். மூணாம் நா தனியாப் போனா. பெரிய ரோட்டத் தாண்டையில ஒரு லாரிக்காரன் பிரேக்க அமுக்கி, பை ஒரு பக்கம் இவ ஒரு பக்கமா விழுந்து எந்திரிச்சு அழுதுக்கிட்டே வந்தா. ராவெல்லாம் காச்சல். அதுக்குப் பெறகு போக மாட்டேன்னுட்டா. நானும் போன்னு சொல்லல. விடியக்கால நான் பூவுக்கு வாரதா, இவளக் கொண்டு போயி விடுறதா? அவுக அப்பா ஒட்டன்சத்திரத்துல மூட்டை தூக்குறாரு. சனிக்கிழமைதான் ஊருக்கு வருவாரு.

— எனக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம்லக்கா?

— போட்டேன். பெறகு பேசுறேன்னு எழுத்துல பதில் வந்துச்சு. நாலு தடவ.

— தீசிஸ் எழுதிட்டிருந்தேன்க்கா.

— தெரியும். எங்களப் பத்தித்தான எழுதிட்டிருந்த.

— மன்னிச்சுக்கங்கக்கா. மத்த புள்ளைங்களாவது போகுதுங்களா?

— நோட்டுல இருந்தது இருபத்தி மூணா? அதுல ஆறு சித்தையங்கோட்டைக்குப் போகுது, அதுவும் அப்பன்காரன் பைக்கு வச்சிருக்க வீட்டுப் புள்ளைக. நாலு பேர சொந்தக்காரக ஊருக்கு அனுப்பிட்டாக. மத்ததெல்லாம் பூவுக்கும் வெங்காயம் அறுக்கவும் போகுதுக. நெசமா வாரது ஒம்போதுன்னு நீ எழுதுனியே, அந்த ஒம்போது கூட இப்ப இல்ல செல்வி.

— நான் பூட்டச் சொல்லலையேக்கா. நம்ம என்ன கேட்டோம்? ஒத்த டீச்சர் அஞ்சு வகுப்பப் பாக்க முடியல, இன்னொரு டீச்சர் குடுங்கன்னுதான கேட்டோம்?

— நம்மன்னு சொல்லாத. கல்வி ஆபீசுக்கு மனுக் குடுக்கப் போனது நாங்க. 'உங்க கண்டுபிடிப்ப நீங்களே கொண்டு போங்க, நான் வந்தா அது என் பேச்சா ஆயிரும்'னு சொல்லிட்ட. பதினோரு பொம்பளைக. கணக்க எழுதுன சார்ட்டு பேப்பரச் சுருட்டி, கசங்கக் கூடாதுன்னு பஸ்ஸுல மடியில வச்சுக் கொண்டு போனேன். கழுத்துல நீ குடுத்த ஆராய்ச்சியாளர் அட்டை. கண்ணம்மாள் மயினி வழி நெடுக என்னையப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே வந்துச்சு, நம்ம கௌசல்யா ஆபீசராயிட்டான்னு.

— நீங்க அன்னிக்கு ராத்திரி ஃபோன்ல அழுதீங்க. சந்தோசத்துல.

— அழுதேன். ஏன் அழமாட்டேன்? அய்யா, நோட்டுல இருபத்தி மூணு இருக்கு, வாரது ஒம்போதுதான், சாரு ஒரு நா மீட்டிங்குக்குப் போனாலும் பள்ளிக்கூடம் பூட்டிக் கெடக்கு, இன்னொரு வாத்தியாரக் குடுங்க, அம்புட்டுப் புள்ளையும் வரும்னு மூச்சு விடாமச் சொன்னேன். அந்த ஆபீசரு எந்திரிச்சு நின்னு கும்புட்டாரு செல்வி. 'ஊர் ஜனமே கணக்கெடுத்திருக்கீங்க, ரொம்ப நல்ல காரியம்மா'ன்னாரு. எம்பொறப்புல ஒரு ஆபீசரு எனக்கு எந்திரிச்சு நின்னது அன்னிக்குத்தான். பெறகு ஒக்காந்து, ஒம்போதுங்கிற நம்பர மட்டும் சிவப்பு மையில வட்டம் போட்டாரு. புள்ளைக கொறைஞ்ச பள்ளிக்கூடத்த அடுத்த பள்ளிக்கூடத்தோட சேத்துரணும்னு ஏதோ உத்தரவு இருந்துச்சாம்ல. அது எங்களுக்கு எங்க தெரியும்?

— எனக்கும் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது. தெரிஞ்சிருக்கணும். ஆராய்ச்சி பண்ண வந்தவ அத மொதல்ல பாத்திருக்கணும்.

— நாங்க மனுக் குடுத்தது சித்திரை மாசம், பரிச்சை லீவு. ஒருத்தராவது வந்து எண்ணிப் பாப்போம்னு நெனச்சாலும் பள்ளிக்கூடத்துல புள்ளைக ஏது? வைகாசி முடியிறதுக்குள்ள பூட்டு வந்துருச்சு. சரி, விடு. போனதப் பேசி என்ன ஆகப்போகுது. வியாழக்கிழமை எனக்கு வேற சோலி இருக்கு. ஒன் பரீட்சையவிடப் பெரிய சோலி.

— என்னக்கா?

— மணிமாறன் சாருக்கு விசாரணை. கடைசி விசாரணையாம். பதினோரு மணிக்கு.

— ஹெட்மாஸ்டருக்கா? அது இன்னுமா முடியல?

— சஸ்பெண்டு பண்ணுனதுலருந்து வீட்டுலதான் இருக்காரு. வராத புள்ளைகள வந்ததா எழுதுனாருன்னு ஒண்ணு. அந்தப் புள்ளைக பேருல மத்தியானச் சோத்துக்கு அரிசி வாங்குனாருன்னு ஒண்ணு. ருசுவாயிருச்சுன்னா வேலையும் போச்சு, பென்சனும் போச்சு. போன வாரம் சின்னாளப்பட்டில அவுக வீட்டத் தேடிப் போனேன். சங்கடப்படாம உக்காரும்மான்னாரு. மோரு குடுத்தாரு. பவித்ராவுக்கு வகுத்தல் கணக்கு வந்துருச்சான்னு கேட்டாரு. வேற ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு அந்த மோரு எறங்கல செல்வி.

— எனக்கும் அவர நெனச்சா கஷ்டமாத்தான் இருக்கு. நல்ல மனுசர். ஆனா அவர் செஞ்சது...

— என்ன செஞ்சாரு?

— பொய் வருகை போட்டாருல்லக்கா. ஸ்கூலக் காப்பாத்தணும்னு நல்ல எண்ணத்துல போட்டிருக்கலாம். தீசிஸ்லயும் அப்படித்தான் எழுதிருக்கேன், கெட்டவர்னு ஒரு இடத்துல கூட எழுதல. ஆனா நோட்டே பேசுதேக்கா. நான் எண்ண வந்த மூணு நாள் மட்டும் ஒம்போது வருகைன்னு எழுதிருக்காரு. மத்த நாள் பூரா இருபத்தி மூணு, இருபத்தி ரெண்டு. வெளியாளு முன்னாடி மட்டும் நெசத்த எழுதிருக்காருன்னா, மத்த நாள் எழுதுனது என்ன?

— அந்த நோட்டுக் காப்பிய ஒன்ட்டதான் ஆபீசுல வாங்குனாகளாம்.

— கேட்டாங்க, குடுத்தேன். மறைச்சிருந்தா அது தப்பில்லையா?

— சாரு ஒன்ட்ட ஒண்ணு சொன்னாராமே. 'ஒரு நாளைக்குச் சொல்லாமக் கொள்ளாம வந்து பாரும்மா'ன்னு.

— சொன்னாரு. மாட்டிக்கிட்டவங்க எல்லாரும் அப்படித்தான்க்கா சொல்லுவாங்க.

— ஒரு எட்டு வந்து பாத்திருக்கலாம்ல?

— சொல்லாம வர்றது எங்க முறையிலயே கிடையாதுக்கா. அது இன்ஸ்பெக்டர் வேலை. ஊர்க்காரங்களோட உக்காந்து தேதி குறிக்கணும், அவங்க சம்மதிச்ச நாள்ல வரணும், அவங்களையும் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் எண்ணணும். உங்கள நம்பாம ஒளிஞ்சு வந்து பாத்துட்டு, நீங்களும் ஆராய்ச்சியாளர்தான்னு அட்டை மாட்டிவிட்டா அது அயோக்கியத்தனம் இல்லையா?

— ம். தேதியெல்லாம் நாந்தான் சொன்னேன்.

— ஆமா. முகூர்த்த நாளு வேணாம், ஊரே பூவுக்குப் போயிரும்னு பாத்துப் பாத்துக் குறிச்சுக் குடுத்தீங்க. அதையும் எழுதிருக்கேன்.

— எல்லாத்தையும் எழுதிருக்க.

— ஏ கௌசல்யா! பறிச்சது போதும், கூடையக் கொண்டா! வெயிலு ஏறுது.

— காமராஜ் வந்துட்டான். நீ பேசாம இரு செல்வி, நான் பாத்துக்கிறேன். இந்தா வாரேன் காமராஜு.

— அங்க நிக்கிறது யாரு, ஆராய்ச்சி டீச்சரம்மாவா? வாங்க வாங்க. மறுக்கா கோலம் போட வந்துட்டீகளா? பள்ளிக்கூடத்தப் பூட்டியாச்சு. இப்ப எத? ரேசன் கடையவா?

— காமராஜண்ணே, நான் அப்படி நெனச்சு...

— நீங்க எப்பிடி நெனச்சா எனக்கென்ன? எம்மவன் நம்ம ஊருப் பள்ளிக்கூடத்துல மூணாப்புப் படிச்சவன். வீட்டுலருந்து மணியடிக்கிறது கேக்கும், மணியடிச்ச பெறகு கஞ்சியக் குடிச்சுட்டு ஓடுவான். இப்ப அவுக மாமன் ஊர்ல நத்தத்துல கெடக்கான். வாரத்துக்கு ஒருக்கா அவன் மூஞ்சியப் பாக்குறேன். பாத்தா, அப்பான்னு ஓடிவர மாட்டேங்குறான் டீச்சரம்மா. வாங்கன்னு கூப்புடுறான்.

— காமராஜு, அவளப் பேசாத. தராசப் புடி.

— ஒன்னையப் பேசுறதா அப்ப? ஒன்னையப் பேசி என்ன பிரயோசனம்? ஒம்பேச்சக் கேட்டு ஆடுனோம்ல, எங்களச் சொல்லணும். எம்பொண்டாட்டி இன்னைக்கும் ஒன் வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேங்குறா.

— எடை என்ன வருது?

— ரெண்டரைக் கிலோ. பாதி விரிஞ்ச மொட்டு. பறிக்கையில கவனம் எங்கயோ இருந்திருக்கு.

— சரி, போ. ஒனக்கும் நேரமாச்சு.

— போறேன், போறேன். டீச்சரம்மா, புண்ணியமாப் போகும், எங்கள மட்டும் இனிமே ஆராய்ச்சி பண்ணாதீக.

— போயிட்டான். மனசுல வச்சுக்காத செல்வி. அவன் நல்லவன், மகன் இல்லாத வீட்டுக்குப் போகப் புடிக்கல அவனுக்கு.

— உங்களையும் இப்படித்தான் பேசுறாங்களா?

— குழாயடிக்கு நான் போனா கொடத்தத் தூக்கிட்டு நகந்துருவாளுக. கண்ணம்மாள் மயினி உட்பட. அன்னிக்குச் சார்ட்டு முன்னாடி நான் பேசி முடிச்சதும் கைதட்டுனவளுகதான் அம்புட்டும். நீ குடுத்த அட்டைய சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சிருந்தேன். பவித்ரா அப்பா அத்துப் போட்டுட்டாரு. அடிக்கல. அடிச்சிருந்தாக்கூட ஆறியிருக்கும். சும்மா அத்துப் போட்டுட்டுச் சாப்பிட ஒக்காந்துட்டாரு.

— இதெல்லாம் நீங்க என்ட்ட சொல்லவே இல்லையேக்கா.

— சொன்னா அதையும் எழுதுவ.

— எழுத மாட்டேன். இனிமே எழுதவே மாட்டேன் போலருக்கு. நான் என்னக்கா செய்யணும்? வைவாவுக்கு வராட்டிப் போகுது. நான் ஏதாவது செய்ய முடியும்னா சொல்லுங்க.

— செய்வியா?

— சொல்லுங்க.

— ஒரு கடுதாசி வேணும். நீ எண்ணுன எண்ணிக்கை தப்புன்னு ஒன் கைப்பட எழுதணும். கீழ ஒன் கையெழுத்து, ஒன் யுனிவர்சிட்டி சீலு. அது இருந்தா சாரு தப்பிச்சுருவாரு. நோட்டு சரின்னு ஆயிருச்சுன்னா பள்ளிக்கூடத்தத் தொறக்கச் சொல்லி மேல மனுப் போடலாம்னு சாரோட வக்கீலு சொல்றாரு.

— அக்கா, தெரிஞ்சுதான் கேக்குறீங்களா? எந்தக் கணக்க வச்சு வியாழக்கிழமை டாக்டர் பட்டம் வாங்கப் போறேனோ, அந்தக் கணக்கே தப்புன்னு புதன்கிழமை எழுதித் தரணுமா?

— ஆமா தாயி.

— எங்கம்மா தையல் மிஷின மிதிச்சு மிதிச்சு முட்டி தேஞ்சு உக்காந்திருக்காங்க. இந்தப் பட்டம் வந்தாத்தான் எனக்குக் காலேஜ்ல வேலை. சரி, அதக்கூட விடுங்க. அது பொய்யாச்சேக்கா!

— இந்த ஆராய்ச்சி என்னோடது இல்ல, உங்களோடதுன்னு மொத நா கூட்டத்துல சொன்னியா இல்லையா?

— சொன்னேன்.

— எங்களோடதுன்னா நாங்க மாத்திக்கக் கூடாதா?

— கேள்விய மாத்தலாம். செய்யப்போறத மாத்தலாம். நடந்தத எப்படிக்கா மாத்துறது? மூணு நாளும் வாசல்ல நின்னு நானே எண்ணுனேன். ஒம்போது தலை. நீங்களும் பக்கத்துல நின்னு எண்ணுனீங்க. ஏன், நீங்களே விசாரணைல போயி கணக்கு தப்புன்னு சொல்லலாமே?

— போகாமயா ஒன்ட்ட கேக்குறேன்? போன மாசமே அந்த ஆபீசுக்குப் போனேன். கணக்கு தப்புங்கய்யான்னேன். கிளார்க்கு சிரிச்சாரு. 'அன்னிக்கு ஒம்போதுன்னு கையெழுத்துப் போட்டுட்டு, ஸ்கூலப் பூட்டுனதும் மாத்திப் பேசுறியா? அந்தப் பொண்ணு ஆதாரத்தோட குடுத்திருக்கும்மா, போயி வேலையப் பாரு'ன்னாரு. நான் சொன்னா பூக்காரி சொன்னது. நீ சொன்னா ஆதாரம்.

— அவர் சொன்னதுல தப்பில்லையேக்கா. பூட்டுனதுக்கு அப்புறம் மாத்திச் சொன்னா யாரு நம்புவா? நானே நம்ப மாட்டேன். நெசத்தச் சொன்னா நல்லது நடக்கும்னு நம்பித்தான இத ஆரம்பிச்சோம்? அது நடக்கல. அதுக்காகப் பொய் சொன்னா நடந்துருமா?

— அது ஒன் நம்பிக்க செல்வி. எங்க நம்பிக்க வேற. அந்தப் பெரிய பஞ்சத்துல தண்ணி வத்தி வெள்ளாமை காஞ்சப்ப, கணக்கெடுக்க வந்தாக. எங்கப்பா ரெண்டு ஏக்கருல ஒரு ஏக்கருதான் காஞ்சுச்சுன்னு உள்ளதச் சொன்னாரு. பக்கத்துக் காட்டுக்காரன் அம்புட்டும் போச்சுன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டான். அவனுக்கு நிவாரணம் வந்துச்சு, எங்கப்பாவுக்கு வரல. வீடு கட்ட எழுத வந்தாக. நல்லா இருந்த ஓட்டப் பிரிச்சுப் போட்டவளுக்கு வீடு வந்துச்சு, ஒழுகலன்னு சொன்னவளுக்கு வரல. இல்ல, இல்ல, இல்லன்னு சொன்னவுகளுக்குத்தான் இங்க எதுவும் வந்து சேந்திருக்கு.

— அதுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்?

— ஒண்ணுமில்ல. வாயில வந்துச்சு, சொன்னேன்.

— பவித்ரா என்னக்கா முணுமுணுக்குறா? அப்போலருந்து பாக்குறேன், வாய் அசைஞ்சுட்டே இருக்கு. யார்ட்டயாவது பேசுறாளா?

— வாய்ப்பாடு. பதிமூணாம் வாய்ப்பாடு வரைக்கும் சாரு சொல்லிக் குடுத்தாரு. மறந்துறக் கூடாதுன்னு பறிக்கையில சொல்லிக்கிட்டே இருப்பா. ஒரு வரிசை முடியிறதுக்குள்ள ஒண்ணுலருந்து பதிமூணு வரைக்கும் வந்துருவா. அடுத்த வரிசையில மறுக்கா ஒண்ணுலருந்து. பதினாலு யாரும் சொல்லிக் குடுக்கல.

— நீங்க சொல்லிக் குடுக்கலாமேக்கா...

— எனக்குத் தெரிஞ்சாத்தான?

— ...அக்கா, அந்தப் பைய எடுங்க.

— எதுக்கு?

— வெள்ளப் பேப்பர் இருக்கு. பேனாவும் இருக்கு. இங்கயே எழுதிடறேன். வீட்டுக்குப் போனா எனக்கு மனசு மாறிரும்.

— செல்வி...

— இத எழுதுனா வியாழக்கிழமை வைவா கிடையாதுக்கா. கைடுட்ட சொல்லி நிறுத்தணும். நீங்க கேட்ட சீலக்கூட இதுல போட விடுவாங்களான்னு தெரியல, ஆனா நானே நேர்ல வந்து விசாரணைல குடுக்குறேன். சரியா?

— நேருலயே வாரியா?

— வர்றேன். அம்மாட்ட என்ன சொல்றதுன்னு தெரியல. ஞாயித்துக்கிழமை கோயில்ல முழங்கால் போட்டு என்ன சொல்றதுன்னும் தெரியல. பொய்னு தெரிஞ்சே எழுதுறேன். உங்க புள்ளைக்காக ஒரு பாவத்தத் தெரிஞ்சே பண்றேன்.

— பாவம்னு சொல்லாத தாயி.

— பின்ன என்னன்னு சொல்ல? நீங்க பேசாம இருங்கக்கா. நீங்க பேசுனா என்னால எழுத முடியாது. 'மாசி, பங்குனி மாதங்களில் நான் எடுத்த வருகைக் கணக்கு பிழையானது.' இது போதுமா?

— போதும்.

— 'அதனை நம்பித் தலைமையாசிரியர் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக்கு நானே பொறுப்பு.' அழாதீங்க. எனக்குத்தான் அழுகை வரணும். 'உண்மையில் அந்நாட்களில் பள்ளிக்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பிள்ளைகளின் எண்ணிக்கை...' எத்தனைன்னு போடட்டும்?

— இருபத்தி மூணு.

— அது வேணாம்க்கா. சார் நோட்டுல இருக்குற அதே நம்பரு. யாரோ சொல்லிக் குடுத்து எழுதுனதுன்னு பாத்த ஒடனே தெரிஞ்சுரும். பதினெட்டுன்னு போடுறேன். பொய் சொல்றதுன்னு ஆயிருச்சு, நம்புற மாதிரியாவது சொல்லுவோம்.

— பதினெட்டு போடாத.

— அப்ப இருபது.

— இருபதும் வேணாம்.

— ஏன்க்கா இதுல போயி புடிவாதம்? பொய்யில எந்த நம்பரா இருந்தா என்ன?

— இருபத்தி மூணுன்னே போடு செல்வி, அதுல பொய் இல்ல. அம்புட்டும் தெனமும் பள்ளிக்கூடம் போன புள்ளைக. கொறச்சுக் காட்டுனா எரக்கப்பட்டு இன்னொரு வாத்தியாரக் குடுப்பாகன்னு ஊரக் கூட்டிச் சொல்லி, நீ எண்ண வந்த மூணு நாளும் பதினாலு புள்ளைகள ஓட்டியாந்து, இந்தா இந்தப் பூச்செடிக்கு நடுவுல குத்தவைக்க வச்சு, செல்வியக்கா போற வரைக்கும் தலையத் தூக்கக் கூடாதுன்னு சொன்னவ நாந்தான்.